மூட்டை கட்டாத நெல்

ஆரம்பாக்கத்தில் என் மாவு மில்லைத் திட்டாத ஆள் கிடையாது. ஓட்டினால் சத்தம் தாங்கவில்லை என்பார்கள். ஓட்டாவிட்டால், மிளகாய் அரைக்க ஒரு மனுஷன் கும்மிடிப்பூண்டிக்கா போவான் என்பார்கள். இந்த இரண்டு திட்டுக்கும் நான் பழகிவிட்டேன். சுமலதா திட்டுவது மட்டும் தனி ரகம். வாயால் திட்டமாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சுவரில் சில்வர் டம்ளரால் தட்டுவாள்.

"கோபாலண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. வட்டம் போட்டுக்கினு கீறேன். மேசையே ஆடுது."

"நான் மொளகா அரைச்சுக்கினு கீறேம்மா. பாதியில நிறுத்துனா கல்லு புடிச்சுக்கும்."

"உங்க மொளகா கொஞ்சம் நறநறன்னு இருந்தா கொழம்பு ஒண்ணும் கெட்டுப்போவாது. என் வட்டம் கோணினா பம்பு தண்ணி ஊத்தாது."

இந்தப் பேச்சில் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவேன்.

பக்கத்து வீட்டுப் பார்த்திபனின் மனைவி அவள். சோழவரத்துப் பக்கம் பிறந்தவள், டிப்ளமா படித்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். பார்த்திபன் அதே எஸ்டேட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறான். ஒருநாள் கம்பெனிக்காரர்கள் டிராயிங் செக்‌ஷனை அப்படியே வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். சுமலதா போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லோகுவிடம் ஒரு பழைய சிஸ்டத்தை வாங்கி, நெல் மூட்டை அடுக்கும் அறையில் பாதியைக் காலி பண்ணி, அங்கே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

மாமியார் பூவம்மாளுக்கு அது 'பொட்டி'. "பொட்டி முன்னால குந்திக்கினு கீறா" என்பாள். கோபமாகச் சொல்கிறாளா, பெருமையாகச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. புருஷன் போன பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொள்கிற பொம்பளை. நாற்று விடுவதிலிருந்து களத்தில் நெல்லைத் துழாவிக் காயவைப்பது வரைக்கும் எல்லாம் அவள் கைதான். தன் வேலையில் யாரும் வாய் வைக்கக் கூடாது. அதனால் மருமகள் வேலையிலும் அவள் வாய் வைத்ததில்லை.

சுமலதாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிஸ்டத்தை அணைக்கவே மாட்டாள். ஒரு பொத்தானைத் தட்டித் திரையைப் பூட்டிவிட்டு எழுந்து போவாள். திரும்பி வந்து பாஸ்வேர்டு போட்டால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். ஷிப்டு முடிந்தால் கம்பெனி பஸ் காத்திருக்காது. பூட்டிவிட்டு ஓடவேண்டியதுதான். வரைந்ததெல்லாம் தானாகவே எங்கோ ஒரு பெரிய மெஷினில் போய்ச் சேர்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். வீட்டில் அந்தப் பெரிய மெஷின் இல்லை, ஆளும் இல்லை, பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, தானாகச் சேமிக்கிற ஏற்பாடு ஓடும்போதெல்லாம் அந்தப் பழைய சிஸ்டம் திணறுகிறது என்று அதையும் அவளே நிறுத்தி வைத்திருந்தாள்.

காக்களூரில் இம்மானுவேல் என்று ஒருவர் அச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கு இரும்பில் அச்சு வெட்டித் தருகிற தொழில். அதுவரைக்கும் சுமலதாவுக்குச் சின்னச் சின்னத் திருத்த வேலைதான் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் புரட்டாசியில்தான் முதல் தடவையாக ஒரு முழு அச்சை, பம்பு மூடி ஒன்றின் அச்சை, அவளை நம்பிக் கொடுத்தார். ஆயுத பூஜை லீவு முடிந்து பட்டறை திறக்கும்போது படம் கையில் இருந்தால் இனிமேல் எல்லாப் படமும் அவளுக்குத்தான். இல்லாவிட்டால் அவர் அம்பத்தூரில் ஆள் பார்த்துக்கொள்வார். அவரும் தொழில் செய்ய வேண்டுமே.

அவள் ராப்பகலாக உட்கார்ந்தாள். என் மில்லை எத்தனை தடவை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. உடம்பு அனலாகக் கொதித்தபோதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. அடுத்து பூவம்மாள் குரல் கேட்டது.

"கோபாலு, ஓடியா. இவ உழுந்துட்டா."

பார்த்திபன் காலை ஷிப்டில் இருந்தான். நான்தான் நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவளுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அத்தே, படம் முடிஞ்சுது, சேவ் பண்ணல. லாக் போட்டுட்டுத்தான் எழுந்தேன். சிஸ்டத்த ஆஃப் பண்ணிடாதீங்க. யாரும் கைய வெக்காம பாத்துக்குங்க."

"நீ போம்மா. நான் கீறேன்" என்றாள் பூவம்மாள். சேவ் என்றால் இன்னதென்று அவளுக்குத் தெரியாது. அணைக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

டெங்கு என்றார்கள். இங்கே வேண்டாம் என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தனி வார்டில் போட்டார்கள். போன் உள்ளே போகக் கூடாது. பார்த்திபன் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவள் பாதி நேரம் பிதற்றிக்கொண்டிருந்தாளாம்.

அந்தப் பிதற்றலில் ஒரு பாஸ்வேர்டு கிடைத்தது என்று ஒருநாள் அவன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். மேசை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். தப்பு என்று வந்தது. இன்னொரு தடவை தட்டினான். அதுவும் தப்பு. கையை எடுத்துக்கொண்டு லோகுவுக்குப் போன் போட்டான்.

நானும் பார்த்திபனும் பக்கத்தில் நிற்க, லோகு வந்து திரையைப் பார்த்தான். "இது பழைய கம்பெனி பாஸ்வேர்டுபா. அண்ணி காய்ச்சல்ல ஒளறிக்கீது. இனிமே தட்டாத. தப்புத் தப்பா தட்டுனா சுத்தமா பூட்டிக்கும்."

"அப்ப ஒடைச்சு உள்ள போவ முடியாதா?"

"போலாம். அது ஒரு மேட்டரே இல்ல. ஆனா அணைச்சுட்டு மறுபடி போடணும். போட்டா, சேவ் பண்ணது இருக்கும். சேவ் பண்ணாம தெறந்து வெச்சது போயிடும்."

"அதான் உள்ள கீதுல்ல. உள்ள கீறது எப்டிடா போவும்?" என்றான் பார்த்திபன். எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்க வெட்கப்பட்டு நின்றிருந்தேன்.

லோகு தலையைச் சொறிந்தான். ஜன்னலுக்கு வெளியே தெருக்கோடியில் பொதுக்களம் தெரிந்தது. சொர்ணவாரிப் பட்டத்தில் அறுத்த நெல் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"களத்துல உங்க நெல்லு கீதுல்ல? அது உங்களுதுதான். ஆனா இன்னும் மூட்ட கட்டல. சேவ் பண்றதுன்னா மூட்ட கட்டி ஊட்டுல அடுக்குறது. அண்ணி லாக் போட்டுட்டுப் போச்சே, அது களத்துக்குப் படல் சாத்துனா மாதிரி. மாடு வராது. மழ வரும்."

"லாக் அவுட்டு பண்ணா?"

"அடுத்த ஆளுக்குக் களத்தப் பெருக்கி வுட்றா மாதிரி. கரண்ட்டு போனாலும் அதே கததான்."

பூவம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வாசல்படிக்கு வந்தாள்.

"அப்ப மூட்ட கட்றது யாரு?"

"அண்ணிதான் வந்து கட்டணும் பெரிம்மா."

"அவ வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றான் பார்த்திபன். அதற்கு மேல் அந்த வீட்டில் யோசனை எதுவும் நடக்கவில்லை. முடிவு பண்ணியாயிற்று.

லோகு போவதற்கு முன்னால் சில காரியங்கள் செய்தான். திரையை மட்டும் அணைத்தான். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினான். "இது இருந்தா ஒருநாள் அப்டேட்டுன்னு சொல்லிக்கினு தானா அணைஞ்சு தானா எழுந்துக்கும். பெரிய பேஜாரு." யூபிஎஸ் பெட்டியில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தான். கரண்டு போனால் அது ஓர் உலை கொதிக்கிற நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்றான். கடையில் ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது, பூஜை முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்றான்.

அன்று முதல் பூவம்மாள் பாயை அந்த அறையில் விரித்தாள். சமையல் முடிந்தால் அங்கே, களத்தில் நெல்லைத் துழாவிவிட்டு வந்தால் அங்கே. கரண்டு போய் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். வந்ததும் படுப்பாள். திரை இருட்டாக இருந்ததால் அது ஓடுகிறதா இல்லையா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல் பார்ப்பது போலவே இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்திபன் போன் பண்ணினால் அம்மாவும் பிள்ளையும் பேசுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

"அவ சூடு எப்டி கீதுடா?"

"கொறஞ்சுக்கினு வருதும்மா. இங்க வெளிய குந்திக்கினு கீறேன். பொட்டி?"

"அது சூடு கொறையல. நல்லா கீது. நீ நாஷ்டா துன்னியா?"

ஷிப்டு, ரயில், ஆஸ்பத்திரி, மறுபடி ரயில் என்று அவன் அலைந்தான். வருகிறபோது கேழ்வரகுக் களியும் பழவேற்காட்டுக் கருவாட்டுக் குழம்பும் பூவம்மாள் எடுத்துவைத்திருப்பாள். சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைப் பார்ப்பான். சுமலதா கம்பெனியை விட்டபோது, 'ஊட்டுல குந்தி என்னா வரையப் போற' என்று கேட்டவன் இவன்தான். இப்போது அதை நான் வாயெடுத்துச் சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பான்.

ஆயுத பூஜை வந்தது. எனக்கு வருஷத்தில் அது ஒன்றுதான் திருநாள். மில்லைக் கழுவி, பெல்ட்டைத் துடைத்து, கல்லுக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவேன். மூலையில் என் அப்பா காலத்து டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. அதன் சக்கரத்துக்கு ஒரு சாமந்தி மாலை, தலையில் ஓர் எலுமிச்சம்பழம். பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அவர் இருந்த வரைக்கும் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. அவருக்குப் பயந்த மாதிரி சாமிக்குக்கூட நான் பயந்ததில்லை.

பூஜைக்குப் பொரி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பார்த்திபனின் அக்கா பச்சையம்மா சோழவரத்திலிருந்து வந்திருந்தாள். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அருவாமன அரிவாளுக்கெல்லாம் பொட்டு வெச்சு ஓரமா வெச்சுக்கீற. இது ஒண்ணு மட்டும் மொய்யுனு ஓடிக்கினு கீது. இன்னிக்கு இரும்பு எல்லாம் ஓய்வெடுக்கணும்மா. சாமி கோச்சுக்கும்."

"கோச்சுக்கட்டும்."

"அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு இப்டி ஆனதே இதால. கண்ணு முழிச்சு முழிச்சு. அமத்திட்டு ஒரு பொட்டு வெச்சா அவளுக்குத்தான் நல்லது. நான் சொல்றது உனக்கு ஏறலையா?"

"ஏறுது. ஆனா அணைக்கமாட்டேன். நான் அவளுக்கு வாக்கு சொல்லிக்கீறேன்."

"பொட்டாவது வைக்கலாம்ல?"

பூவம்மாள் யோசித்தாள். "ஓடிக்கினு கீறதுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. அது ஓயட்டும், வெச்சுக்கலாம்" என்று சொல்லி என் கையிலிருந்த பொரியை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. சாமி விஷயத்தில் அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை என்று எனக்குத் தெரியும். மனசில் ஒரு பயத்தை வைத்துக்கொண்டுதான் அப்படிப் பேசினாள்.

மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கடல் பக்கம் கறுத்தது. முதலில் காற்று வந்தது. களத்தில் நெல் காயப்போட்டவர்கள் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். அவரவர் நெல்லுக்கு அவரவர்தான் ஆள். பூவம்மாளும் பச்சையம்மாவும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மில் வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ மரம் முறிந்து கம்பியில் விழுந்தது. டிரான்ஸ்பார்மரில் பட்டென்று ஒரு வெளிச்சம். தெரு முழுக்கக் கரண்டு போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

பார்த்திபன் ரோலிங் மில்லில் பூஜை முடித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினான். சத்தத்தைக் கேட்டான். வீட்டுக்குள் போகவில்லை, வாசலில் நின்றே ஒரு போன் பேசிவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"லைன்மேனுக்குப் போன் போட்டேண்ணே. மரத்த வெட்டித்தான் எடுக்கணுமாம். காலையில ஆவுமாம். ஜெனரேட்டர் ஓட்டணும்."

"பூஜ போட்டுட்டேன்பா. மால போட்டாச்சு. காலையிலதான் தொடணும்."

"காலை வரைக்கும் அது தாங்காதுண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மீதா, மரத்தின் மீதா, செத்துப்போன அப்பா மீதா என்று சொல்லத் தெரியவில்லை. லோகுவுக்குப் போன் போட்டால் அவன் கடையைச் சாத்திவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். பெரிய பேட்டரி கடைக்குள் இருந்தது.

மழை பெரிய துளிகளாக இறங்கியது. பூவம்மாள் களத்திலிருந்து ஓடிவந்தாள். பின்னாலேயே பச்சையம்மாவின் குரல்.

"அம்மா, எங்க ஓடுற? தார்ப்பாயி பறக்குது. புடிக்க ஆளில்ல. பார்த்தி, நீ அங்க இன்னா பண்ணிக்கினு கீற? இங்க வா."

பார்த்திபன் களத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குக் கால் நகரவில்லை.

பூவம்மாள் திரும்பி நின்று கத்தினாள். "முடிஞ்ச மட்டும் மூடு. மீதி நனையட்டும் வுடு."

"வருஷத்துக்கும் நாம துன்ற நெல்லும்மா அது."

"நனைஞ்ச நெல்ல காய வெச்சுக்கலாம்டி. அவ படத்த எங்கடி காய வெப்பே?"

பச்சையம்மா தார்ப்பாயைப் பிடிக்கத் திரும்பி ஓடினாள். பூவம்மாள் மில்லுக்குள் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஜெனரேட்டர் முன்னால் நின்றாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாலையைக் கழற்றி என் அப்பா படத்து ஆணியில் மாட்டினாள்.

"கோபாலு, சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்கப்பனுக்கும் நானே சொல்லிக்கிறேன். நீ ஹேண்டிலப் போடு."

போட்டேன். பழைய இன்ஜின், ஒருவன் லீவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவன் சுற்றவேண்டும். பார்த்திபன் லீவரைப் பிடித்தான். முதல் சுற்றில் இருமியது. அடுத்ததில் ஒரு புகை விட்டு நின்றது. கழுவித் துடைத்து வைத்ததில் எங்கேயோ தண்ணீர் போயிருக்கும் என்று எனக்குப் பயம் வந்தது. சுவருக்கு அப்பால் யூபிஎஸ்ஸின் கீச்சொலி இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பார்த்திபன் என்னைத் தள்ளிவிட்டுத் தானே ஹேண்டிலைப் பிடித்தான். கிரேன்காரன் கை. இந்தத் தடவை சக்கரம் விடாமல் சுற்றியது. லீவரைக் கீழே தட்டினேன். படபடவென்று பிடித்துக்கொண்டது.

"ஒயரு எடுத்துக்கினு வரேன்" என்று ஓடப் போனான்.

"இர்றா. மொதல்ல பல்பு" என்றேன். அந்த ஜெனரேட்டரின் புத்தி எனக்குத்தான் தெரியும். எடுத்தவுடன் கரண்டை ஏற்றி இறக்கும். ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வெளிச்சம் ஆடாமல் நிற்கும் வரைக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்படிப் பொறுமையாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்பு நின்றதும் தலையை ஆட்டினேன். பூவம்மாள் வீட்டுக்கு ஓடி ஒயரை ஜன்னல் வழியாக வாங்கினாள், பார்த்திபனும் உள்ளே ஓடி மாட்டினான்.

கீச்சொலி நின்றது. எதனால் நின்றது என்று தெரியவில்லை. யூபிஎஸ் செத்தாலும் சத்தம் நின்றுவிடும் அல்லவா? நான் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சூடா கீதுடா. உள்ள காத்தாடி சுத்துது" என்று இன்ஜின் சத்தத்தை மீறிப் பூவம்மாள் கத்தியது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையம்மா வந்தாள். புடவை சேறாக இருந்தது. தனி ஆளாகப் பாதி நெல்லைக் குவித்து மூடியிருந்தாள், மீதிப் பாதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து முடியைப் பிழிந்துகொண்டாள்.

"நின்னுடலையே அது?"

"இல்லக்கா, ஓடுது" என்றான் பார்த்திபன்.

"அப்ப செரி" என்று சொல்லி எழுந்து, எங்கள் எல்லோருக்கும் டீ வைக்கப் போனாள்.

காலையில் கரண்டு வரும் வரைக்கும் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் தீரத் தீர நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. விடிந்த பிறகு பார்த்தேன். மாலை போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார்.

பட்டறை திறப்பதற்கு முந்தின நாள் சுமலதா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பூவம்மாள் வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி சுற்றினாள். சுற்றி முடித்ததும் சுமலதா படுக்கைக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"கொஞ்சம் கஞ்சி குடிச்சுட்டுக் குந்தேன்" என்றான் பார்த்திபன்.

"இத்த முடிச்சுட்டு."

திரையைப் போட்டாள். பூட்டின திரை வந்தது. விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரே மூச்சில் தட்டினாள்.

கறுப்புத் திரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கோடுகள். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் பல்பல்லாக என்னவோ. என் மில்லை நிறுத்தி நிறுத்தி அவள் போட்ட வட்டங்கள் இவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கீது" என்றாள்.

சேவ் கொடுத்தாள். திரை வெளுத்துப்போய் நின்றது. பழைய சிஸ்டம், இத்தனை நாள் ஓயாமல் ஓடியது, மூச்சுத் திணறியது. பார்த்திபன் பதறி மவுஸை எடுக்கப் போனான்.

"யாரும் தொடாதீங்க. அதுவா வரும்" என்றாள். குரல் மெலிந்திருந்தாலும் அந்தக் குரலில் உறுதி இருந்தது. பூவம்மாள் வழக்கம்போலப் பெட்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். வெளுத்த திரை மெல்லப் பழையபடி ஆனது.

அவள் விடவில்லை. பென் டிரைவில் ஒரு பிரதி போட்டாள். அதைத் திறந்து, கோடெல்லாம் வருகிறதா என்று பார்த்தாள். பார்த்திபனின் போனில் இன்னொரு பிரதி போட்டாள். தானாகச் சேமிக்கிற அந்த ஏற்பாட்டைத் தேடி எடுத்து மறுபடி போட்டுவிட்டாள். "திணறுனா திணறட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திறந்திருந்த ஒவ்வொன்றையும் மூடினாள். ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கடைசியாக ஒருதரம் பார்த்தாள். பிறகு லாக் அவுட்டு பண்ணி, அணைத்தாள்.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி இறங்கி நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதி எனக்கே புதுசாக இருந்தது. பூவம்மாள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"மூட்ட கட்டியாச்சு அத்தே" என்றாள் சுமலதா. லோகு சொன்ன கதையை வழியெல்லாம் பார்த்திபன் சொல்லியிருப்பான் போல.

பூவம்மாள் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். பெட்டிக்கு ஒரு பொட்டு, திரைக்கு ஒரு பொட்டு, யூபிஎஸ்ஸுக்கு ஒரு பொட்டு. மிச்சமிருந்ததை மருமகள் நெற்றியில் வைத்துவிட்டு, "இப்ப வந்து கஞ்சியக் குடி" என்றாள்.

பட்டறை திறந்த அன்றைக்கே பார்த்திபன் பென் டிரைவைக் காக்களூருக்குக் கொண்டுபோனான். இம்மானுவேல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அச்சு வெட்டினார். அடுத்த படத்தையும் அவளிடமே கொடுத்தார்.

தீபாவளி கழித்து, ஜன்னலில் அப்படியே கிடந்த என் ஒயரைச் சுருட்டப் போனேன். சாப்பாட்டு நேரம். பூவம்மாள் விடவில்லை, எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். பார்த்திபன் ஷிப்டில் இருந்தான். நானும் சுமலதாவும் உட்கார்ந்தோம். உடம்பு தேறி அவள் முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. நனைந்த நெல்லைக் காயவைத்து என் மில்லில் நெல் உரிக்கிற ஹல்லரில்தான் அரைத்தார்கள். அதனால் தட்டில் விழுந்தது எனக்குத் தெரிந்த அரிசிதான். பழுப்பேறின சோறு, மக்கின வாடை. நான் குழம்பை அதிகமாக ஊற்றிக்கொண்டேன்.

சுமலதா ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டே நிமிர்ந்தாள்.

"அத்தே, இன்னா அரிசி இது? வாட அடிக்குது. நம்ம நெல்லு நல்லாத்தானே வெளைஞ்சுது?"

மழையையும் ஜெனரேட்டரையும் அவளுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். களத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

"துன்னு துன்னு" என்றாள் பூவம்மாள், குழம்புச் சட்டியை நகர்த்திக்கொண்டே. "உன் படத்து அரிசிதான்."

சுமலதா என் பக்கம் திரும்பினாள். நான் தலையை ஆட்டினேன். ஜன்னல் வழியாகத் தெருக்கோடிக் களத்தைப் பார்த்தாள், மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் தலையில் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. அவள் கண் நிறைந்தது. தட்டிலிருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். பிறகு தட்டை மாமியார் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தே" என்றாள்.